அடுப்புக்கு மேல் ஒரு கண்

மகன் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கி, போன மாதம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். வாசல் கதவுக்குத் திறப்பு இல்லை; அவனுடைய போனைக் கண்டால்தான் அது திறக்கும். குசினிக்குள் போய் விளக்கைப் போடச் சுவிச்சைத் தேடினேன். சுவரில் சுவிச்சே இல்லை. "லைட் போடு எண்டு சொல்லுங்கோ அம்மா, அது போடும்" என்றான். சொன்னேன், போடவில்லை. இங்கிலீஷில் சொன்னேன், அதற்கும் போடவில்லை. மருமகள் மாடியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தாள், உடனே எரிந்தது. என் இங்கிலீஷில் அதற்கு என்ன குறையோ தெரியாது.

குளியலறையில் அதைவிட மோசம். நான் உள்ளே இருக்கும்போதே, அங்கே ஆள் இல்லை என்று தானாக முடிவு கட்டி விளக்கு அணைந்துவிட்டது. இந்த வயதில், இருட்டுக்குள் இருந்துகொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். அப்போதுதான் நான் உள்ளே இருக்கிறேன் என்று அது ஒப்புக்கொண்டது.

வெளியே வந்து மகனைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். அவன் சிரித்தான். "அம்மா, நீங்கள் உதுகளோடதானே அவ்வளவு காலமும் மாரடிச்சனீங்கள். ஒருக்கா இருந்து எழுதுங்கோவன்" என்றான். என் வாயை அடைக்கத்தான் சொன்னான், அது எனக்குத் தெரியும். என்றாலும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நான் வேலை செய்தது மில்லிக்கன் பக்கம், ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட இருந்த ஒரு வெயர்ஹவுசில். வீட்டுக்கான புதுமைச் சாமான்களை வெளிநாடுகளிலிருந்து இறக்கி, கட்லொக் மூலமாகவும் சின்னக் கடைகள் மூலமாகவும் விற்கிற கம்பனி அது. ஊரை விட்டு இந்தப் பனி நாட்டுக்கு அகதியாக வந்து, இங்கிலீஷ் வகுப்புக்குப் போய், பிறகு மின்சாரச் சாமான்களைப் பொருத்திப் பூட்டுகிற ஒரு கோர்ஸ் படித்து, ஈயம் பற்றவைக்கப் பழகி, கையெல்லாம் சுட்டுக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். என்னைப் போட்டது திரும்பி வருகிற சாமான்களைப் பார்க்கிற மேசையில். விற்பனைக்காரர் கண்ணில் அந்தச் சாமான்கள் எல்லாம் அற்புதம். என் கண்ணில் பட்டவை எல்லாம் திரும்பி வந்தவை.

என்னென்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? கோட்டுக்குக் கட்டுகிற கழுத்துப்பட்டிகளைத் தொங்கவிட்டு மோட்டரில் சுற்றுகிற இராட்டினம். அடியில் தும்பு வைத்த செருப்பு. போட்டுக்கொண்டு நடந்தால் வீடு கூட்டுப்படுமாம். கண்ணாடிக்குப் பின்னால் மடித்து ஒளித்து வைக்கிற, உடுப்பு அழுத்துகிற பலகை. வெங்காயம் வெட்டும்போது போட ஒரு மூக்குக்கண்ணாடி. பற்பசைக் குழாயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிகிற உருளை. காலையில் எழுப்புகிற ஒரு கம்பளம். அதன் மேல் எழும்பி நின்றால்தான் மணி அடிப்பது நிற்கும். எங்கள் வீட்டில் அதைப் பரீட்சித்துப் பார்த்தபோது, என் மனுசன் கட்டிலில் படுத்தபடியே ஒரு காலை மட்டும் நீட்டி அதை மிதித்துவிட்டு மறுபடி நித்திரையானார். கண்டுபிடித்தவனுக்கு இப்படியான மனுசர் உலகத்தில் இருப்பது தெரியவில்லை.

எனக்கு மேலே இருந்தவர் மிஸிஸ் மக்ரே. ஸ்கொட்லாந்துக்காரி, நெடுத்த உருவம். நான் வகுப்பில் படித்த இங்கிலீஷ் அவர் பேசிய இங்கிலீஷுக்கு ஒரு மண்ணுக்கும் உதவவில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். கடிகாரம் மேசைக்கு வந்துவிட்டால் அந்தப் பக்கமே ஒருவரும் போகமாட்டோம்.

திரும்பி வருகிற எந்தச் சாமானையும் அவர் முதலில் மணந்துதான் பார்ப்பார். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, பெட்டியைத் திறந்து, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். வயர் எரிந்த மணம் தனி, மோட்டர் சூடேறிய மணம் தனி, தண்ணீர் போன மணம் தனி. பிறகு காதுக்குக் கிட்ட வைத்து மெல்லக் குலுக்குவார். கழன்ற ஆணி இருந்தால் அதில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு என்னிடம் தருவார். நான் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கர், தூசி, எண்ணெய் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்து, பெட்டியிலிருந்து புதிதாக எடுத்தது மாதிரி ஆக்கவேண்டும். பிறகுதான் மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். பிழை தெரிந்தால் அதில் கட்டுவது சிவப்புக் காகித மட்டை. தெரியாவிட்டால் மஞ்சள் மட்டை. மஞ்சள் என்றால், சாமானில் பிழை இல்லை, பிழை வாங்கினவரில் என்று அர்த்தம்.

"வாங்கினவர் ஒன்று சொல்வார், சாமான் ஒன்று சொல்லும். இரண்டும் ஒத்துவராவிட்டால் சாமானைத்தான் நம்பவேண்டும். சாமானுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை" என்று முதல் நாளே எனக்குச் சொன்னார். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்த மேசையில் கொஞ்ச நாள் இருந்தால் எவருக்கும் மனுசர் மேல் இருக்கிற நம்பிக்கை தானாகவே குறைந்துவிடும்.

ஏனென்றால் எங்கள் சனம் செய்கிற வேலை அப்படி. கையால் சுற்றிக் காகிதம் கிழிக்கிற சின்ன மெஷின் ஒன்று வந்தது. பழைய பில்லுகளை அதற்குள் விட்டுச் சுற்றினால் நூல் நூலாக வந்து விழும். அஜின்கோர்ட் கடையொன்றிலிருந்து அப்படி ஒன்று திரும்பி வந்தது. மிஸிஸ் மக்ரே மணந்தார். கண்ணை மூடியபடியே இன்னொருமுறை மணந்தார். "வெங்காயக் குடும்பம்" என்றார். பல்லுக்கு இடையில் பச்சையாக ஏதோ சிக்கியிருந்தது. பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. லீக்ஸ். யாரோ ஒரு புண்ணியவதி லீக்ஸ் தாளை எண்ணெயில் வதக்கி வறை செய்ய அதில் அரிந்திருக்கிறார்! நான் வெட்கத்தோடு விளக்கம் சொன்னேன். அவர் நிதானமாக, "மெல்லியதாக வெட்டியதா?" என்று கேட்டார். மெல்லியதாகத்தான் வெட்டியிருந்தது. "அப்படியென்றால் மஞ்சள்" என்று மட்டையை எடுத்தார்.

என் வீட்டில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். கையைத் தட்டினால் எரிந்து, மறுபடி தட்டினால் அணைகிற சுவிச் ஒன்று வந்தது. வீட்டில் வைத்துப் பாவித்துப் பார்க்கச் சொல்லித் தந்தார்கள். கூடத்து மேசைவிளக்கில் பூட்டினேன். அந்தக் கிழமை செபக் கூட்டம் எங்கள் வீட்டில். எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. சனம் வந்து நிறைந்து, பாட்டு எடுத்து, கைகளைத் தட்டத் தொடங்கியதும் விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. முன்னால் நின்ற மனுசி கண்ணீர் விடத் தொடங்கினார். மற்றவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். எழும்பிப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனுசன் சனத்துக்குப் பின்னால் தவழ்ந்து போய் வயரைப் பிடுங்கினார். விளக்கு அப்படியே அணைந்து நின்றதும் அந்த மனுசி திரும்பி, "ஆரோ இஞ்ச விசுவாசம் இல்லாமல் நிக்கினம்" என்று நேராக என்னைப் பார்த்தார்.

மிஸிஸ் மக்ரேயிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எந்த வேகத்தில் தட்டினீர்கள் என்று கேட்டு, அந்தப் பாட்டுக்குத் தட்டிக் காட்டச் சொன்னார். வெயர்ஹவுஸ் நடுவில் நாங்கள் இருவரும் ஒரு விளக்கைச் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம். லொறிச் சாரதிகள் நின்று பார்த்தார்கள். சம்பளம் தந்து இதைத்தான் செய்வித்தார்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் அடுப்புக்கு ஒரு காவல் சாமான் வந்தது. மின்சார அடுப்பின் வயர் போய்ச் செருகுகிற இடத்தில் ஒரு கனத்த பெட்டி. அதிலிருந்து ஒரு வயரின் நுனியில், தீப்பெட்டி அளவில் ஒரு கண். அந்தக் கண்ணை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிவிட வேண்டும். அடுப்பு எரியும்போது முன்னால் ஆள் அசைகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். சில நிமிடம் ஒருவரும் இல்லாவிட்டால் கீச்சென்று கத்தும். அப்போதும் ஒருவரும் வராவிட்டால் அடுப்பை நிற்பாட்டிவிடும். மறதிக்காரர் இருக்கிற வீட்டுக்கு என்று விற்றார்கள். வந்த சாமான்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று நான்கூட நினைத்தேன்.

அது அஜின்கோர்ட் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து திரும்பி வந்தது. ஆள் நிற்கும்போதே அடுப்பை நிற்பாட்டுகிறதாம். ஓட்டிப் பார்த்தோம், பிழை இல்லை. வேறொன்று அனுப்பினோம். அதுவும் அதே முறைப்பாட்டோடு வந்தது. அதிலும் பிழை இல்லை. மூன்றாவதைக் கடையில் கொடுக்காமல் வாங்கினவரே நேரில் கொண்டுவந்தார். குகன் என்று பெயர். வேலை உடுப்போடு வந்திருந்தார். என் பெயரட்டையைப் பார்த்துவிட்டு, மிஸிஸ் மக்ரேயை விட்டு என் பக்கம் வந்தார்.

"அக்கா, நீங்கள் தமிழ்தானே? ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. உந்தச் சாமான் பொய் சொல்லுமோ?"

"ஏன், என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அவருடைய அம்மா, பரமேஸ்வரி அன்ரி, அஜின்கோர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் தனியாக இருக்கிறார். சாறிச் சட்டை தைத்துக் கொடுக்கிறவர். சில மாதத்துக்கு முன் கொழும்பிலிருந்து தங்கச்சியின் அழைப்பு வர, பேச்சு மும்முரத்தில் அடுப்பில் பருப்பை மறந்துவிட்டார். புகை எழும்பி, மணி அடித்து, தீயணைப்பு வண்டி வந்து, கட்டடக்காரரும் கண்டித்துவிட்டார்கள். மகன் பயந்துபோய், மார்க்கம் நகரத்துக்கு வடக்கே தான் வாங்கியிருக்கும் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார். அன்ரி மாட்டேன் என்றார். அங்கே பஸ் இல்லை, கோயிலுக்குப் போக ஆள் பார்த்திருக்க வேண்டும், மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பின்னேரம் வரைக்கும் பனியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் இந்தச் சாமானைப் பூட்டிக்கொண்டு அன்ரி தன் வீட்டிலேயே இருக்கலாம் என்று இருவரும் உடன்பட்டார்கள்.

"இப்ப அம்மா சொல்லுறா, தான் முன்னால நிண்டு கறி கிண்டிக்கொண்டு நிக்கேக்கை அது கத்திப்போட்டு நிப்பாட்டுதாம். அநேகமா ஒவ்வொரு நாளுமாம். நான் பின்னேரம் போய் முன்னால நிண்டு பாக்கிறன், ஒரு பிழையும் இல்லை. மூண்டும் பழுதா இருக்குமே அக்கா?" அவருடைய குரல் இறங்கியது. "அவ நிக்கேல்லை அக்கா. எங்கையோ போய் இருந்திட்டு, நிண்டனான் எண்டு நினைக்கிறா. அப்பாவின்ர அம்மாவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது. மாசக் கடைசியில மறதிக்குப் பாக்கிற டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன். அப்பார்ட்மென்டையும் விடப்போறம் எண்டு கட்டடத்துக்குச் சொல்லப்போறன்."

மிஸிஸ் மக்ரே கண்ணை எடுத்து மணந்தார். குலுக்கினார். நான் துடைத்தேன், துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. ஓட்டிப் பார்த்தோம். நான் முன்னால் நின்றேன், அடுப்பு எரிந்தது. விலகினேன், கத்தியது, நிற்பாட்டியது. கடிகாரம் மாதிரி வேலை செய்தது. அவர் குகனைப் பார்த்து, "இதில் ஒரு குறையும் இல்லை" என்றார். பிறகு, "இதில் சமையல் மணமே கிடையாது. உங்கள் அம்மா அடுப்பை அதிகம் பாவிக்கிறாரா?" என்று மெல்லக் கேட்டார். இரக்கத்தோடுதான் கேட்டார். குகன் ஒரு நாற்காலியை இழுத்து இருந்துவிட்டார். தாய் சமைத்ததாகச் சொல்வதும் நினைப்பில்தானா என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். 

அவர் போன பிறகு நான் அந்தக் கண்ணைக் கையில் எடுத்து மணந்து பார்த்தேன். உண்மைதான், மணம் இல்லை. ஆனால் அதுதான் எனக்குச் சரிவரவில்லை. எங்கள் அடுப்புக்கு மேலே வாரக்கணக்கில் இருந்த சாமான் மணம் இல்லாமல் வருமா? என் வீட்டில் அடுப்பிலிருந்து எவ்வளவோ தள்ளித் தொங்குகிற கலண்டரில்கூடத் தாளித்த மணம் அடிக்கும். மகனின் பள்ளிக்கூடக் குளிர்ச்சட்டையில் மீன்பொரியல் மணக்கிறது என்று அவன் அழுதிருக்கிறான். சமைக்கவே இல்லை என்றால் அடுப்பு எரிந்திருக்காது. எரியாத அடுப்பை இந்தச் சாமான் நிற்பாட்டவும் முடியாது. இதை என் உடைந்த இங்கிலீஷில் மிஸிஸ் மக்ரேயிடம் சொல்லி, அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

கடிகாரம் மேசைக்கு வந்தது. "நாங்கள் வீடுகளுக்குப் போவதில்லை" என்றார். போனால் தேநீர் குடித்துவிட்டு இரக்கப்பட்டு எல்லாவற்றுக்கும் சிவப்பு மட்டை போட்டுவிடுவோம் என்பது அவருடைய எண்ணம். நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. கடைசியில் அவர் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டினார். "சனிக்கிழமை உன்னுடையது. அன்றைக்கு நீ என்ன செய்கிறாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க ஏலாது.

குகனுக்குப் போன் பண்ணி விலாசம் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை காலை போனேன். குகன் மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். கதவைத் திறந்த பரமேஸ்வரி அன்ரி மெல்லிய மனுசி, கழுத்தில் தையல் அளக்கிற நாடா.

"நீர்தானோ பிள்ளை கொம்பனிக்காரி? வாரும். எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு எழுதிக் குடுக்கத்தானே வந்தனீர்? முதல் தேத்தண்ணியைக் குடியும்."

வீடு பளிச்சென்று இருந்தது. ரீவி ரிமோட்டுக்குப் பிளாஸ்ரிக் உறை, போனுக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை, மேசைவிளக்கின் தொப்பிக்குக்கூட உறை. சாப்பாட்டு மேசைக்கு விரிக்கிற தடித்த கண்ணாடிப் பிளாஸ்ரிக்கை வெட்டி எல்லாம் அவரே தைத்தது. எங்கள் வீடுகளில் இதெல்லாம் வழமைதான். என் வீட்டிலும் சோபாவுக்கு வந்த பிளாஸ்ரிக்கை இன்னும் கழற்றவில்லை. ஆகவே அதில் கவனிக்க ஒன்றுமில்லை என்று தேநீரைக் குடித்தேன்.

அடுப்புக்கு மேலே, நாங்கள் குகனிடம் மாற்றிக் கொடுத்தனுப்பிய நாலாவது கண் ஒட்டப்பட்டிருந்தது. அன்ரி சோற்றை வைத்தார். நான் ஒரு பக்கமாகக் கதிரையைப் போட்டு இருந்தேன். அவர் நின்றார், கிண்டினார், கழுவுகிற தொட்டிக்குப் போனார், வந்தார். சோறு அவிந்தது. கண் ஒரு சத்தமும் போடவில்லை. எனக்கு மனம் விட்டுப்போய்விட்டது. குகன் சொன்னதுதான் சரி, இதை இந்த மனுசிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இனிக் கறி" என்று அன்ரி வெங்காயத்தையும் மிளகாயையும் எடுத்தார். "பொறும் பிள்ளை, எண்ணெய் பறக்கும்" என்று லாச்சியை இழுத்துத் திறந்து, கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன உறையை எடுத்தார். அதே கண்ணாடிப் பிளாஸ்ரிக், வாயில் இலாஸ்ரிக் வைத்துத் தைத்தது. எட்டி, அந்தக் கண்ணின் மேல் தொப்பி போடுகிற மாதிரி மாட்டிவிட்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, தையல் எவ்வளவு நெருக்கம் என்று மனத்துக்குள் மெச்சினேன். வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்!

"சமைச்சு முடிய உதைக் கழட்டிக் கழுவிக் காயப்போட்டிடுவன். குகன் காசு குடுத்து வாங்கித் தந்த சாமான், எண்ணெய் பிடிக்க விடலாமே?" என்றார்.

"திருப்பிக் குடுக்கேக்கை?"

"உறை என்ர. அதை ஏன் குடுக்கிறன்?"

வெங்காயம் பொரிந்தது. அன்ரி அடுப்போடு ஒட்டி நின்று கிண்டிக்கொண்டே, டொக்டரிடம் தன்னைக் கூட்டிப்போகப் போகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அங்க போனால் இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேப்பினமாம். வெள்ளிக்கிழமை எனக்குக் கோயில், அதை வைச்சு எல்லாக் கிழமையும் சொல்லுவன். ஆனா பிள்ளை..." அவர் முடிக்கவில்லை. கண் கீச்சென்று கத்தியது. அவர் கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னொருமுறை கத்தியது. சட்டிக்குள் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது.

"பாத்தீரே? நான் இஞ்ச நிக்கிறனோ இல்லையோ? சொல்லும் பிள்ளை, நான் நிக்கிறனோ?"  அவ்வளவு நேரம் வாயாடிய மனுசி, உண்மையிலேயே தான் நிற்கிறாரா என்று என்னிடம் கேட்கிறார். எத்தனை நாள் இப்படித் தனியாக நின்று தன்னையே சந்தேகப்பட்டிருப்பார்!

"நிக்கிறியள் அன்ரி, நிக்கிறியள்" என்று சொல்லிக்கொண்டே எழும்பினேன். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. எட்டி உறையைக் கழற்றினேன். கையை ஆட்டினேன். சத்தம் நின்று, அடுப்பு மறுபடி எரியத் தொடங்கியது. உறையை மாட்டினேன், காத்திருந்தேன், கத்தியது. அந்தக் கண் பார்ப்பது எங்கள் முகத்தை அல்ல, உடம்புச் சூட்டை. தடித்த பிளாஸ்ரிக் சூட்டை மறித்துவிடுகிறது. எங்களுக்கு அது கண்ணாடி; அதற்கு அது சுவர்.

விளங்கப்படுத்தினேன். அன்ரிக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தால் கோபம்தான் வந்தது. "அட, ஒரு பிளாஸ்ரிக்குக்குள்ளால பாக்கத் தெரியாத கண்ணோ இவ்வளவு நாளும் எனக்கு விசர் எண்டு சாட்சி சொன்னது!" என்று கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தார். எனக்கும் அதே கோபம்தான். கம்பனியில், மிஸிஸ் மக்ரேயில், விளக்கப் புத்தகம் எழுதினவனில், எல்லாரையும்விட என்னில்.

திங்கட்கிழமை மிஸிஸ் மக்ரேயிடம் சொன்னேன். ஒரு துண்டு மேசைப் பிளாஸ்ரிக் கொண்டுவரச் சொல்லி, தானே வெட்டி மாட்டி, முன்னால் நின்று பார்த்தார். கண் அவரையும் இல்லை என்றது.  பிறகு மஞ்சள் மட்டையை எடுத்துக் கிழித்தார். அன்றிலிருந்து எந்தச் சாமானையும் மணக்க முதல், வீட்டில் அது எப்படி இருந்தது, மேலே என்ன போட்டிருந்தது என்று வாங்கினவரைக் கேட்டு எழுதவேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்தார். அது ஒன்றும் பெரிய புரட்சி அல்ல. அடுத்த கிழமையே, செருப்பில் இருக்கிற தும்பைப் பிடுங்கிப் போத்தல் கழுவிவிட்டுச் செருப்புப் பிழை என்று ஒருவர் வந்து நின்றார்.

பரமேஸ்வரி அன்ரி அந்த உறையில் கண்ணுக்கு நேரே ஒரு வட்டம் வெட்டி, சட்டைத் தெறிக்கு வெட்டுகிற காஜா மாதிரி ஓரத்தைச் சுற்றித் தைத்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வீட்டிலேயே இருந்தார். என் மகளின் கலியாணச் சட்டையும் அவர் தைத்ததுதான். மகனின் ஸ்ரௌவ்வில் வீட்டுக் குளியலறையில் இருட்டுக்குள் கையை ஆட்டியபோது நான் நினைத்தது அவரைத்தான்.

அந்தச் சனிக்கிழமையின் கடைசிப் பகுதியை நான் மிஸிஸ் மக்ரேயிடம் சொல்லவில்லை. அது சாமானைப் பற்றியது அல்ல.

மத்தியானம் குகன் வந்தார். என்னைப் பார்த்ததும், "என்னக்கா, அம்மாவுக்குச் சொல்லிப்போட்டீங்களே?" என்று பதுங்கிய குரலில் கேட்டார். நான் வாயைத் திறக்க முதல், அன்ரி என்னைக் கையமர்த்தினார். உறையை எடுத்துக் கண்ணில் மாட்டினார். இன்னும் வட்டம் வெட்டாத உறை. கறிச்சட்டியைச் சூடாக்க வைத்து, கரண்டியை மகனின் கையில் கொடுத்தார்.

"கிண்டு தம்பி."

"என்னம்மா இது?"

"கிண்டு எண்டால் கிண்டு."

அவர் கிண்டினார். அன்ரி வந்து எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, மடியில் கையைக் கட்டிக்கொண்டார். குகன் ஏதோ கேட்கத் திரும்புவதும், தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கிண்டுவதுமாக நின்றார். பிறகு தலைக்கு மேலே கண் கத்தியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு அடி முன்னால் போனார். கரண்டியை ஆட்டினார். அது விடாமல் கத்தி, அடுப்பை நிற்பாட்டியது.

"தம்பி" என்றார் அன்ரி. "நீ இப்ப அடுப்புக்கு முன்னால நிக்கிறியோ?"

"நிக்கிறன் அம்மா."

"மெஷின் இல்லை எண்டுதே."

குகன் உறையைப் பார்த்தார். மெல்லக் கையை உயர்த்தி அதைத் தொட்டார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது முதுகிலேயே தெரிந்தது. திரும்ப அவரால் முடியவில்லை.

"அம்மா, நான் நிண்டனான். சத்தியமா இஞ்சதான் நிண்டனான்."

"ஓம்" என்றார் அன்ரி. "அப்ப நானும் நிண்டனான்."